இரண்டு ஓட்டு வித்தியாசம்

போன வருஷம் எங்கள் தாமான் குடியிருப்பில் இருக்கும் அம்மன் கோயிலில் நடந்த செயலாளர் தேர்தலில் என் கணவர் திருச்செல்வம் ஜெயித்தார். தோற்றவர் தனலெட்சுமி அக்கா. வித்தியாசம் இரண்டே ஓட்டு. அந்தக் கோயிலில் பெண்கள் ஓட்டுப் போட்ட முதல் தேர்தல் அது. அந்த ஓட்டை எங்களுக்கு வாங்கித் தந்ததே தனம் அக்காதான். இதைச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். மனசுக்குள் போட்டுப் பூட்டிக்கொண்டு இனிமேல் திரிய முடியாது.

அக்காவும் நானும் இருபது வருஷமாகப் பாசிர் கூடாங்கில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்க்கிறோம். காலையில் தம்போயில் ஃபேக்டரி பஸ் ஏறினால் மூன்றாவது வரிசை எங்கள் இடம். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் தெரியாமல் அங்கே உட்கார்ந்துவிட்டால் நான் முறைக்கிற முறைப்பில் எழுந்து போய்விடுவார்கள். அக்கா என்னைவிட மூன்று வயது பெரியவர், ஆனால் நான்தான் சண்டைக்காரி. அப்படித்தான் நான் என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்காவின் கணவர் கமலநாதன் அண்ணன், காலை ஷிப்டுக்கு மோட்டார் சைக்கிளில் போகும்போது லாரி இடித்து இறந்துபோனார். காரியமெல்லாம் முடிந்து, அவருடைய கோயில் உறுப்பினர் அட்டையை எடுத்துக்கொண்டு அக்கா கோயில் ஆபிசுக்குப் போனார். நானும் கூடப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது, அப்போதே செயலாளராக இருந்த என் கணவர்தான்.

"ஆம்பளப் பிள்ளை இருந்தா பேரை மாத்திக் கொடுக்கலாம்ங்க. இல்லன்னா கழிச்சுடுறதுதான் முறை" என்றார்.

அக்காவுக்கு இரண்டும் பெண்கள். அட்டையைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். எங்கள் கோயில் சட்டவிதியில் உறுப்பினர் என்றால் குடும்பத் தலைவர், குடும்பத் தலைவர் என்றால் ஆண். பொங்கல் வைப்பது, பூக்கட்டுவது, பாத்திரம் தேய்ப்பது, திருவிழாவுக்கு மூவாயிரம் பேருக்குச் சோறு வடிப்பது எல்லாம் நாங்கள். கை தூக்குவது அவர்கள். அப்போது எங்கள் யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை, அக்காவுக்கும் கூட.

இரண்டு வருஷம் கழித்து மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் வந்தது. கோயில் மண்டபத்துக்குப் பதிவு செய்யும் பாரத்தில், பெண் வீட்டார் சார்பில் குடும்பத்து ஆண் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு கோடு இருக்கும். அக்காவின் கொழுந்தனார் செல்லப்பன் சாஆ என்ற தூரத்து ஊரில் இருந்தார். அண்ணன் செத்ததற்கு வந்து ஒரு மணி நேரம் நின்றுவிட்டுப் போன ஆள். அந்தக் கையெழுத்துக்காக நாங்கள் இரண்டு பேரும் லீவு போட்டு, பஸ் மாறி மாறிச் சாஆவுக்குப் போனோம். அவர் ஒரு கடை வாசலில் நின்றிருந்தார். பாரத்தை மோட்டார் சைக்கிள் சீட்டின் மேல் வைத்து, "பேனா இருக்கா?" என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டு, "இது எந்தப் பிள்ளைக்கு?" என்று கேட்டார்.

திரும்பி வரும்போது ஸ்கூடாய் வரைக்கும் அக்கா அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "வாசுகி, பெத்தவ நான். பத்து வருஷமா அந்தப் பிள்ளைய என்னான்னு கேட்காதவன் கையெழுத்து செல்லுது, என்னது செல்லாது" என்றார். அழவில்லை. எனக்குத்தான் அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. "விடக் கூடாதுக்கா, இதை நாம மாத்தணும்" என்று அந்த பஸ்ஸில் முதலில் சொன்னது நான். நன்றாக நினைவிருக்கிறது. சொன்ன வாய் இந்த வாய்தான்.

அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்கு அக்கா ஒரு தீர்மானம் எழுதிக் கொடுத்தார். பதினெட்டு வயதான எல்லாருக்கும், ஆணோ பெண்ணோ, உறுப்பினர் அட்டையும் ஓட்டும் கொடுக்க வேண்டும் என்று. எங்கள் கோயிலில் ஆண்டுக் கூட்டம் என்றால் ஆண்கள் மண்டபத்தில் நாற்காலி போட்டுப் பேசுவார்கள், பெண்கள் பின்னால் சமைப்பார்கள், பேச்சு முடிந்ததும் சாப்பாடு. தீர்மானத்தை வாசித்ததும் மண்டபத்தில் எழுந்த சிரிப்பு சமையல்கட்டு வரைக்கும் கேட்டது. தலைவர் அய்யாவுவுக்கு மைக் கிடைத்தால் போதும்.

"நம்ம வீட்டுப் பொம்பளைங்க எல்லாம் இங்க வந்து உக்காந்துட்டா, நமக்கு யாருங்க சோறு போடுறது?" என்றார்.

நான் சாம்பார்க் கரண்டியோடு கிளம்பிவிட்டேன். அக்காதான் கையைப் பிடித்து நிறுத்தினார். மறு வருஷம் அக்கா ஒன்றும் சத்தம் போடவில்லை. கூட்டத்தன்று யாரும் அடுப்புப் பற்ற வைக்கவில்லை, அவ்வளவுதான். தலைவர் உட்பட எல்லாரும் கடையிலிருந்து நாசி லெமாக் பொட்டலம் வாங்கி வந்து நின்றுகொண்டே தின்றார்கள். தீர்மானம் அப்போதும் தோற்றது, ஆனால் யாரும் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இரண்டு பேரும் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கப் போனோம். சில வீட்டில் தேத்தண்ணி கொடுத்தார்கள், சில வீட்டில் நாயை அவிழ்த்து விட்டார்கள். ஒரு வீட்டில் ராஜம்மா என்பவர் எங்கள் கண் முன்னாலேயே கையெழுத்துப் போட்டார். மாலையில் அவர் கணவர் வந்து அந்தப் பெயரை அடித்துவிட்டுப் போனார். கொரோனாவில் இரண்டு வருஷம் கூட்டமே நடக்கவில்லை. அதற்கடுத்த வருஷம் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காமல் தீர்மானம் மறுபடியும் விழுந்தது.

கடைசியில் நிறைவேறியது யார் மனசும் மாறியதால் இல்லை. தாமான் பையன்கள் பாதிப் பேர் சிங்கப்பூரில் வேலை, ஞாயிற்றுக்கிழமை தூங்குவார்களே தவிர கூட்டத்துக்கு வர மாட்டார்கள். இரண்டு முறை ஆள் சேராமல் கூட்டத்தை ஒத்திப் போட்டார்கள். இப்படியே போனால் கோயில் பதிவுக்கே ஆபத்து என்ற பயம் வந்த பிறகுதான் அய்யாவுவுக்குப் பெண்கள் ஞாபகம் வந்தது. நாற்காலியை நிரப்ப எங்களை உள்ளே விட்டார்கள். நான் கரித்துக்கொட்டினேன். அக்கா, "எந்த வழியா வந்தா என்ன, வந்துட்டோமில்ல" என்றார். புது அட்டை வாங்கிய அன்றைக்கு, பஸ்ஸில் அதை வெளியே எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அதோடு நின்றிருந்தால் நானும் நல்லவளாகவே இருந்திருப்பேன். ஆனால் அக்கா தேர்தலில் நிற்க முடிவு செய்தார், அதுவும் செயலாளர் பதவிக்கு. பாரங்களைத் தயாரிப்பது செயலாளர்தான். இளைய பெண் துர்காஷினிக்கு அடுத்த வருஷம் கல்யாணம் பேசியிருந்தார்கள். அந்தக் கோட்டை எடுத்துவிட்டு, பெற்றவர் கையெழுத்து என்று போட வேண்டும், தன் அம்மன் முன்னாலேயே மகள் கல்யாணத்தைத் தானே கையெழுத்துப் போட்டு நடத்த வேண்டும். அக்காவுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

முதலில் எங்கள் வீட்டுக்கு வந்து என் கணவரிடம்தான் சொன்னார்.

"அண்ணே, உங்கள எதிர்க்கணும்னு இல்ல. எனக்கு வேற வழி தெரியல."

"அதுக்கென்னங்க, தாராளமா நில்லுங்க. யாரு வேணும்னாலும் நிக்கலாம்" என்றார் இவர். அக்கா போன பிறகு வெகு நேரம் மீன் தொட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

என் கணவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம். முப்பது வருஷம் சூப்பர்வைசராக இருந்த கம்பெனி மூடிப் போனதும் ஐம்பத்தேழு வயதில் வீட்டில் உட்கார்ந்தவர். போன் அடித்தால் அது கோயில் சம்பந்தமாகத்தான் இருக்கும். காலையில் குளித்து, சட்டை போட்டு, சாப்பாட்டு மேசையில் கோயில் ஃபைலை விரித்து வைத்துக்கொண்டு, ஏற்கெனவே டைப் அடித்த கடிதத்தைத் திரும்பவும் டைப் அடிப்பார். கடைத்தெருவில் யாராவது "செயலாளரே" என்று கூப்பிட்டால் அன்றைக்கு முழுக்க நடையே வேறு மாதிரி இருக்கும்.

தேர்தலுக்கு முதல் வெள்ளிக்கிழமை பஸ்ஸில் அக்காவிடம் சொன்னேன்.

"என் ஓட்டு உங்களுக்குத்தான்க்கா. வீட்டுல என்ன நடந்தாலும் சரி."

"வேணாம் வாசுகி. என்னால உங்க வீட்டுல பிரச்சனை வரக் கூடாது. நீ அண்ணனுக்கே போடு, நான் ஒன்னும் நெனச்சுக்க மாட்டேன்."

"சொன்னா சொன்னதுதான்" என்றேன் நான். அக்கா என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இறங்கும் வரைக்கும் விடவில்லை.

சனிக்கிழமை துணி துவைக்கும்போது இவர் சட்டைப் பையில் இரண்டு துண்டுச் சீட்டு இருந்தது. இரண்டும் ஒன்றுபோல. எங்கள் ஊர்ப் பக்கம் இதற்கு 'மெனு' என்று பெயர். எந்தப் பதவிக்கு யாருக்குப் போட வேண்டும் என்று நம்பர் எழுதி ரகசியமாகக் கையில் திணிப்பார்கள். அரசியல் கட்சிக்காரர்களிடமிருந்து கோயிலுக்கு வந்த வியாதி. ஆண்கள் எல்லாரிடமும் அய்யாவு இரண்டிரண்டு கொடுத்திருக்கிறார், ஒன்று உனக்கு, ஒன்று உன் பெண்டாட்டிக்கு என்று. தாமானில் எல்லா வீட்டிலும் அந்த இரண்டாவது சீட்டு அடுப்படிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. என் வீட்டில் மட்டும் சட்டைப் பையிலேயே இருந்தது. இந்த மனுஷர் அதை என்னிடம் நீட்டவில்லை. எனக்குப் போடு என்று ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

கேட்டிருந்தால், கொஞ்சம் அதட்டியிருந்தால், அக்காவுக்குத்தான் போட்டிருப்பேன். என் குணம் அப்படி. எதிர்த்து நிற்கச் சுவர் இருந்தால் நான் நிற்பேன். அந்த ஈரச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது எதிர்க்க எனக்கு எதுவுமே இல்லாமல் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை மண்டபம் நிறைந்திருந்தது. பெண்கள் நல்ல சேலை கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். அக்கா பச்சைச் சேலையில் இரண்டாவது வரிசையில் இருந்தார். பேர் கூப்பிட ஒவ்வொருவராகப் போய், பின்னால் நவக்கிரகத்துக்குப் பக்கத்தில் திரை கட்டியிருந்த மேசையில் சீட்டில் கோடு போட்டுப் பெட்டியில் போட வேண்டும். என் பேர் வந்தது. திரை இடுக்கு வழியாக முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த என் கணவரின் பின்னந்தலை தெரிந்தது. காலையில் தனியாகக் கண்ணாடி முன் நின்று தலைக்கு மை பூசியிருந்தார். பின்பக்கம் உள்ளங்கை அளவுக்கு எட்டாமல் வெள்ளையாகவே விட்டுப்போயிருந்தது. என்னைக் கூப்பிட்டிருந்தால் பூசி விட்டிருப்பேன், இந்தத் தேர்தலால் கூப்பிடத் தயங்கியிருக்கிறார். நாளையிலிருந்து இந்த மனுஷருக்கு யார் போன் அடிப்பார்கள் என்று நினைத்தேன். அக்காவுக்கு வேலை இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், அடுத்த தேர்தல் இருக்கிறது, என் ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடப் போகிறது என்றும் நினைத்தேன். பேனாவை வைத்துவிட்டு மறுபடியும் எடுத்தேன். திருச்செல்வம் என்ற பெயருக்கு நேரே கோடு போட்டேன்.

வெளியே வந்தபோது அக்கா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் அசைத்தேன்.

நூற்று நாற்பத்து மூன்று ஓட்டு. பலகையில் கோடு கோடாகப் போட்டு எண்ணினார்கள். என் கணவருக்கு எழுபத்திரண்டு, அக்காவுக்கு எழுபது, ஒன்று செல்லாத ஓட்டு. நான் சொன்னபடி செய்திருந்தால் இரண்டு பேருக்கும் எழுபத்தொன்று. சமமாக வந்தால் திருவுளச் சீட்டு என்று எங்கள் சட்டவிதி சொல்கிறது. இரண்டு பெயரையும் எழுதி அம்மன் காலடியில் போட்டு, ஒரு சின்னப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். அந்த முடிவை அம்மனுக்குக்கூட நான் விட்டுவைக்கவில்லை.

அய்யாவு மைக்கை எடுத்தார். "ஓட்டு வேணும்னு கேட்டாங்க, கொடுத்தோம். பொம்பளைங்களே நல்ல தீர்ப்பு சொல்லிட்டாங்க" என்றார். கை தட்டினார்கள். அன்றைக்கு ஓட்டுப் போட்ட பெண்கள் எழுபத்தைந்து பேர். ஆண்களிலும் சிலர் அக்காவுக்குப் போட்டதை நான் அறிவேன். அப்படியானால் எங்களில் எத்தனை பேர் கைவிட்டோம் என்று அக்கா கணக்குப் போட்டிருக்க மாட்டாரா. அக்கா எழுந்து வந்து என் கணவருக்கு மாலை போட்டார். பிறகு சமையல்கட்டுக்குப் போய் எல்லாருக்கும் பந்தி பரிமாறினார். என் இலையில் அப்பளம் வைக்கும்போது தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் நிர்வாகக் கூட்டம் முடிந்து வந்த என் கணவரிடம் அந்தப் பாரத்தைப் பற்றிக் கேட்டேன்.

"எடுத்துப் பேசினேன். தலைவர் ஒத்துக்கல" என்றார்.

"ஏன்?"

"பொம்பளைங்களே அந்தம்மாவுக்குப் போடல, அப்புறம் யாருக்காக மாத்தணும்னு கேட்டாரு. நான் என்னத்தச் சொல்றது?"

வேறு நாளாக இருந்தால் அய்யாவு வீட்டு வாசலுக்கே போய்க் கத்தியிருப்பேன். அன்றைக்கு உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன்.

துர்காஷினிக்குக் கல்யாணம் இந்த வைகாசியில் நடந்தது. எங்கள் கோயிலில் இல்லை. இன்னொரு தடவை சாஆவுக்குப் போய்க் கையேந்த மாட்டேன் என்று அக்கா சொல்லிவிட்டார். என் கணவரே அண்ணன் முறைக்குக் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தார். "உங்க நல்ல மனசு தெரியும்ண்ணே. ஆனா அது என் கையெழுத்து இல்லையே" என்றார். பாசிர் கூடாங்கில் மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் ஒரு பொது மண்டபத்தில், பிளாஸ்டிக் பூ மணவறையில் தாலி கட்டினார்கள். முப்பது வருஷம் எங்கள் அம்மனுக்குப் பொங்கல் வைத்தவருடைய மகளுக்கு அம்மன் வாசலில் கல்யாணம் இல்லை. கெட்டிமேளம் அடிக்கும்போது அக்கா ஒரு நொடி கண்ணை மூடிக்கொண்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு என்னைத் தேடி வந்து, கையைப் பிடித்து இழுத்துப் போய் மாப்பிள்ளையின் அம்மா முன்னால் நிறுத்தினார். என் கணவர் பின்னாலேயே நின்றிருந்தார்.

"சம்பந்தி, நான் சொன்னேனே, அந்த வாசுகி இவதான். தாலி கட்டின புருஷன் எதிர்ல நின்னப்பவும் எனக்கு ஓட்டுப் போட்டவ. அன்னைக்குத் தோத்துட்டு வீட்டுக்குப் போனப்ப இவ ஒருத்திய நெனச்சுத்தான் மனசத் தேத்திக்கிட்டேன்."

அந்த அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "எல்லாருக்கும் அந்தத் தைரியம் வராதும்மா" என்றார். நான் சிரித்தேன். அப்படிச் சிரிக்கவும் என்னால் முடிகிறது.

வீட்டுக்கு வரும் வழியில் கார் நெரிசலில் நின்றது. முன்னால் கொள்கலன் லாரிகள் வரிசையாக நின்றன. என் கணவர் ரேடியோவை நிறுத்தினார்.

"அவங்க சொன்னாங்கன்னு நீ சங்கடப்படாத. எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"நீ அவங்களுக்குத்தான் போட்டேன்னு. எண்ணி முடிச்சதும் உன் மூஞ்சியப் பார்த்தேன் லா. நான் ஜெயிச்சதுக்கு உனக்குச் சந்தோஷமே இல்ல. மொதல்ல கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சு, பொய் சொல்லல. அப்புறம் யோசிச்சேன். நான் அய்யாவு கொடுத்த மெனுவுல ஜெயிச்சேன். அதுல என்ன இருக்கு. நம்ம வீட்டுல ஒருத்தியாவது மனசாட்சிப்படி போட்டாளேன்னு நெனச்சா, இப்பப் பெருமையாத்தான் இருக்கு."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சிரித்தார். இல்லைங்க, உங்களுக்குத்தான் போட்டேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் அக்காவிடமும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இவர்கள் இரண்டு பேரும் சாகிற வரைக்கும் இல்லாத ஒருத்தியை மெச்சிக்கொண்டிருப்பார்கள்.

"என்ன, சரிதானே?" என்றார்.

"ம்" என்றேன்.